உம் கொட்டும் கணிப்பொறிகள்

பாட்டி கதை சொல்லும்போது நீங்கள் 'உம்' கொட்டியிருக்கிறீர்களா? கொட்டாமல் இருந்திருக்க முடியாது. "ஒரு ஊரிலே ஒரு ராஜா" என்பாள் பாட்டி. "உம்" என்பான் பேரன். "அந்த ராஜாவுக்கு ஏழு பொண்ணு." "உம்." மூன்றாவது வாக்கியத்துக்கு 'உம்' வரவில்லை என்றால் பாட்டி சற்று நிறுத்துவாள். "தூங்கிட்டியாடா?" என்று கேட்பாள். பதில் வந்தால் விட்ட இடத்திலிருந்து மறுபடி சொல்வாள். வராவிட்டால் போர்வையை இழுத்து மூடிவிட்டுத் தானும் படுத்துக்கொள்வாள்.

இந்தச் சிறிய ஏற்பாட்டுக்குள் எத்தனை விதிகள் அடங்கியிருக்கின்றன, பாருங்கள். யார் முதலில் பேசுவது, எவ்வளவு பேசியபின் நிறுத்துவது, கேட்டுக்கொண்டதற்கு அடையாளம் என்ன, அந்த அடையாளம் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, பிறகு எங்கிருந்து தொடங்குவது, எப்போது கைவிடுவது. இவற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. பாட்டிக்கும் தெரியும், பேரனுக்கும் தெரியும்.

கணிப்பொறிக்கு இந்த இங்கிதமெல்லாம் தெரியாது. எதிரே இருக்கும் பொறி நின்றுவிட்டதா, கம்பி அறுந்துவிட்டதா, அல்லது பதில் வழியில் வந்துகொண்டுதான் இருக்கிறதா என்று அதனால் ஊகிக்க இயலாது. ஆகவே இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொள்ள வேண்டுமானால், மேலே சொன்ன விதிகள் அனைத்தையும் ஒன்று விடாமல் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட விதித் தொகுப்புக்குத்தான் 'புரோட்டோகால்' என்று பெயர். தமிழில் நெறிமுறை என்கிறோம். பழங்காலத்தில் பாப்பிரஸ் சுருளின் தொடக்கத்தில் ஒட்டப்பட்ட முதல் தாளைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது இது. பிற்காலத்தில் ராஜதந்திரிகளின் சபை மரியாதைகளைக் குறித்தது. அங்கிருந்து கணிப்பொறிக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

இன்று நீங்கள் கைப்பேசியில் ஒரு புகைப்படத்தைத் திறந்தால், படம் முழுவதும் வந்து சேர்வதற்குள் உங்கள் கைப்பேசி பலமுறை 'உம்' கொட்டிவிடுகிறது. உங்கள் காதில் அது விழுவதில்லை, அவ்வளவுதான். இந்த 'உம்' யார் கொட்ட வேண்டும்? கதை கேட்கும் பேரனா, அல்லது பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் நின்று கதையைக் கடத்தும் ஆட்களா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இதற்கு விடை கண்டு, அந்த விடையை நடைமுறைக்குக் கொண்டுவரப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

மூன்று முனையங்கள்

1966-ஆம் ஆண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கீழ் 'ஆர்ப்பா' என்றொரு ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அதன் கணிப்பொறிப் பிரிவுக்கு ராபர்ட் டெய்லர் என்பவர் தலைவர். பெண்டகன் கட்டடத்தில் அவருடைய அலுவலகத்தில் தட்டச்சுப் பொறி போன்ற மூன்று முனையங்கள் இருந்தன. ஒன்று பெர்க்லியில் உள்ள கணிப்பொறியோடும், இன்னொன்று சாண்டா மோனிகாவில் உள்ளதோடும், மூன்றாவது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உள்ளதோடும் இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளைகள், தனித்தனிப் பழக்கங்கள். ஒன்றோடு பேசிக்கொண்டிருக்கும்போது மற்றொன்றைக் கேட்க வேண்டுமானால் எழுந்து போய் அடுத்த நாற்காலியில் உட்கார வேண்டும்.

ஒரே முனையத்திலிருந்து மூன்றோடும் ஏன் பேசக்கூடாது? டெய்லர் தம் மேலதிகாரி சார்லஸ் ஹெர்ஸ்பெல்டிடம் போய் இதைக் கேட்டார். இருபது நிமிடப் பேச்சில் பத்து லட்சம் டாலர் கிடைத்தது என்று பின்னாளில் நினைவு கூர்ந்தார். திட்டத்தை நடத்த லாரி ராபர்ட்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். அணுகுண்டு விழுந்தாலும் தப்பிப் பிழைக்கும் தந்தி அமைப்பாகவே இந்த வலை கட்டப்பட்டது என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். அது சரியன்று. விலை உயர்ந்த கணிப்பொறிகளைப் பல ஆராய்ச்சியாளர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதே இதன் நோக்கம். அணுகுண்டுக் கதைக்கும் ஒரு வேர் உண்டு; அதற்கு இப்போது வருவோம்.

கணிப்பொறிகளைத் தொலைபேசிக் கம்பி வழியாக இணைத்துவிட்டால் போதாதா? ராபர்ட்ஸே 1965-இல் அதைச் சோதித்துப் பார்த்தவர். இணைக்க முடிந்தது, ஆனால் சரிப்படவில்லை. ட்ரங்க் கால் காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னைக்கும் மதுரைக்கும் லைன் கொடுத்துவிட்டால் அந்த லைன் முழுவதும் பேசும் இருவருக்கே சொந்தம். இருவரும் வாய் மூடி இருந்தாலும் மூன்றாமவர் அதில் நுழைய முடியாது. மனிதர்கள் தொடர்ந்து பேசுவார்கள், ஆகவே பாதகமில்லை. கணிப்பொறியோ கண் இமைக்கும் நேரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு நெடுநேரம் சும்மா இருக்கும். அதற்காக ஒரு லைனை நாள் முழுவதும் பிடித்து வைப்பது, ஒரு மூட்டை அரிசிக்காக ஒரு சரக்கு ரயிலையே வாடகைக்கு எடுப்பது போலாகும்.

இதற்கு மாற்று வழியை இரண்டு பேர் ஒருவரையொருவர் அறியாமலே கண்டிருந்தார்கள். ஒருவர் ராண்ட் நிறுவனத்தின் பால் பாரன். அணு ஆயுதத் தாக்குதலுக்குப் பிறகும் செய்தித் தொடர்பு அறுந்து போகக்கூடாது என்று 1960-லிருந்து ஆராய்ந்து, 1964-இல் பல தொகுதிகளாக வெளியிட்டார். முன்பு சொன்ன கதையின் வேர் இங்கேதான் இருக்கிறது. மற்றவர் பிரிட்டனின் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ். இவருக்கு யுத்தக் கவலை இல்லை. கணிப்பொறியோடு மனிதர் உடனுக்குடன் உரையாட வேண்டும் என்பதே 1965-இல் இவர் கொண்டிருந்த கவலை. இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்றுதான். செய்தியைச் சிறு துண்டுகளாக வெட்டு. ஒவ்வொரு துண்டிலும் முகவரியும் எண்ணும் எழுது. கிடைத்த வழியில் அனுப்பு. போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்.

பழைய வீட்டைப் பிரித்து மரச்சாமான்களை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் தச்சரை நீங்கள் பார்த்திருக்கலாம். உத்தரம், தூண், நிலை, சட்டம் ஒவ்வொன்றிலும் சாக்குக் கட்டியால் ஓர் எண் போட்டுவிடுவார். பிறகு எந்த வண்டி எந்த வழியாகப் போனால் என்ன? முன்னால் போன வண்டி பின்னால் வந்தால்தான் என்ன? எண்ணைப் பார்த்து மாட்டினால் வீடு எழுந்து நிற்கும். வண்டிகளும் வேறு சாமான்கள் ஏற்றிக்கொண்டு ஒரே சாலையில் கலந்து போகலாம்.

இந்தத் துண்டுக்கு டேவிஸ் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தார். மற்ற மொழிகளிலும் சிரமமில்லாமல் வழங்கும் சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழியறிந்த ஒருவரைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தாராம். தமிழில் 'பொட்டலம்' அவருக்குப் பிடித்திருக்கும் என்றே தோன்றுகிறது.

'எல்', 'ஓ'...

ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறு வேறு கம்பெனியின் பெரிய கணிப்பொறி. அவற்றை ஒன்றோடொன்று நேராகப் பிணைப்பது நடவாத காரியம். 1967-இல் வெஸ்லி கிளார்க் என்பவர் ஓர் யோசனை சொன்னார். பெரிய கணிப்பொறிகளைத் தொடவே வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் ஒரே மாதிரியான ஒரு சிறிய கணிப்பொறியை வைத்து, அந்தச் சிறியவை மட்டும் தமக்குள் பொட்டலங்களைக் கடத்திக்கொள்ளட்டும். இந்தச் சிறிய பொறிக்கு 'இம்ப்' என்று பெயர். அஞ்சல் ஊர்களுக்கிடையே உள்ள தபாலாபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் 'ரௌட்டர்' என்று சொல்வது இதன் வழித்தோன்றலே.

பாஸ்டன் அருகிலுள்ள பி.பி.என். என்ற நிறுவனம் ஹனிவெல் 516 என்ற பொறியை எடுத்து இம்ப்பாக மாற்றியது. பீரோ அளவுள்ள அந்தப் பொறியின் நினைவகம் 24 கிலோபைட்தான். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரு படத்தில் நூறில் ஒரு பங்குகூட அதில் அடங்காது. இம்ப்புகளை இணைத்த கம்பிகள் நொடிக்கு 50,000 பிட் வேகமுள்ளவை.

1969 அக்டோபர் 29, இரவு பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர், சுமார் 350 மைலுக்கு அப்பால் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த கணிப்பொறிக்குள் நுழைய 'லாகின்' என்ற சொல்லைத் தட்டத் தொடங்கினார். அந்தப் பக்கம் பில் டுவால். இருவர் காதிலும் தொலைபேசி. 'எல்' தட்டினார். "வந்ததா?" "வந்தது." 'ஓ' தட்டினார். "வந்ததா?" "வந்தது." 'ஜி' தட்டினார். அந்தப் பக்கத்துக் கணிப்பொறி நிலைகுலைந்து நின்றுவிட்டது. ஆக, இந்த வலையில் சென்ற முதல் செய்தி 'எல்', 'ஓ' என்ற இரண்டே எழுத்துக்கள். சுமார் ஒரு மணி நேரத்தில் பழுது நீக்கி மீண்டும் முயன்றபோது முழுச் சொல்லும் போய்ச் சேர்ந்தது.

ஒன்றைக் கவனித்தீர்களா? அன்று இரவு இரண்டு மனிதர்களும் தொலைபேசியில் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலையை இனிப் பொறிகளே செய்தாக வேண்டும்.

அவ்வாண்டு முடிவுக்குள் சாண்டா பார்பரா, யூட்டா என்று இரண்டு இடங்கள் சேர்ந்து நான்காயின. இதுதான் 'ஆர்ப்பாநெட்'. நான்கிலும் நான்கு விதமான கணிப்பொறிகள். அவை எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்று விதி எழுதும் பொறுப்பு மேதைகளிடம் அல்ல, பட்டதாரி மாணவர்களிடம் விழுந்தது. ஸ்டீவ் கிராக்கர் அவர்களில் ஒருவர். அவரும் வின்டன் செர்ஃப், ஜான் போஸ்டல் ஆகியோரும் லாஸ் ஏஞ்சலஸில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். யாராவது பெரியவர்கள் வந்து இதை முறையாக எழுதுவார்கள் என்று அந்த மாணவர்கள் காத்திருந்தார்கள், யாரும் வரவில்லை. கடைசியில் கிராக்கரே எழுதினார். நண்பர் வீட்டில் மற்றவர்களின் தூக்கம் கெடாமலிருக்கக் குளியலறையில் உட்கார்ந்து எழுதினாராம். அதிகாரம் செலுத்துவதாகத் தோன்றிவிடுமோ என்று பயந்து 'கருத்து வேண்டுகோள்' என்று பணிவாகத் தலைப்பிட்டார். முதல் வேண்டுகோளின் தேதி 1969 ஏப்ரல் 7. அதே தலைப்பில் வரிசை எண்ணிட்டு இன்றும் அவை வெளிவருகின்றன. எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டிவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய வலை இன்றும் 'வேண்டுகோள்'களின்மீதுதான் ஓடுகிறது.

நடுவில் நிற்பவர் சொன்ன 'உம்'

ஆர்ப்பாநெட்டில் 'உம்' கொட்டியவை இம்ப்புகள். ஓர் இம்ப் அடுத்த இம்ப்புக்குப் பொட்டலத்தைத் தள்ளும்போது அதன் முடிவில் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்க்கும். மளிகைச் சீட்டின் அடியில் மொத்தம் எழுதுவது போல என்று கொள்ளலாம். வாங்கிய இம்ப் தானும் கூட்டிப் பார்க்கும். சரியாக இருந்தால் 'உம்' வரும், இல்லாவிட்டால் வராது. 'உம்' வராவிட்டால் முதல் இம்ப் அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். செய்தி முழுவதும் கடைசி இம்ப்பை அடைந்து கணிப்பொறியிடம் சேர்ந்ததும், அங்கிருந்து முதல் இம்ப்புக்கு ஒரு தகவல் திரும்பும். அதன் பெயரே 'அடுத்த செய்திக்கு வேண்டுகோள்'. "உம், அப்புறம்?" என்பதற்கு இதைவிடச் சரியான மொழிபெயர்ப்பு கிடைக்காது.

இதனால் பெரிய கணிப்பொறிகளுக்கு நிம்மதி. என்.சி.பி. என்ற அவற்றின் நெறிமுறை, இடையிலுள்ள வலை பொய் சொல்லாது, எதையும் தொலைக்காது என்று நம்பி எழுதப்பட்டது. தொலைந்தால் என்ன செய்வது என்ற அத்தியாயமே அதில் இல்லை எனலாம். நல்ல தபால்காரர் இருக்கும் ஊரில் யாரும் கடிதத்துக்கு நகல் எடுத்து வைப்பதில்லை அல்லவா?

பிறகு ஊர் பெரிதாயிற்று. ராபர்ட் கான் என்பவர் ஆர்ப்பாவுக்கு வந்து, ஓடும் வண்டிகளிலிருந்து வானொலி அலை மூலம் பொட்டலம் அனுப்பும் வலையைத் தொடங்கினார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் செயற்கைக்கோள் வழியாக மற்றொரு வலை. வானொலியில் இரைச்சல் உண்டு; வண்டி பாலத்துக்கு அடியில் போனால் செய்தி அறுந்துவிடும். செயற்கைக்கோளோ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு 'உம்' திரும்பி வர அரை நொடி ஆகும். பொட்டலத்தின் அளவும் வலைக்கு வலை வேறு. இவற்றையெல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, ஒவ்வொரு வலையும் தொலைக்காது என்று சத்தியம் வாங்க முடியுமா? முடியாது.

1973-இல் கானும் வின்டன் செர்ஃபும் சேர்ந்து இதற்கு விடை கண்டு, 1974 மே மாதம் வெளியிட்டார்கள். விடை இதுதான்: வலையை நம்ப வேண்டாம். வலை முடிந்த மட்டும் கடத்தட்டும், தொலைத்தால் தொலைக்கட்டும். 'உம்' கொட்டுவது, எண்ணிப் பார்ப்பது, விட்டதை மறுபடி கேட்பது எல்லாம் இரு முனைகளில் உள்ள கணிப்பொறிகளின் வேலை. பாட்டியும் பேரனுமே பொறுப்பு. இந்த எண்ணம் அவர்களுடையது மட்டும் என்று சொல்வது நியாயமாகாது. பிரான்சில் லூயி பூஸான் அமைத்த 'சிக்ளாடு' என்ற வலை அதே காலத்தில் இந்தப் பாதையில் முன்னே நடந்துகொண்டிருந்தது.

நம்ப முடியாத உறுப்புக்களைக் கொண்டு நம்பத் தகுந்த ஒன்றை எப்படிச் செய்வது? சற்று நெருங்கிப் பார்ப்போம். தொலைபேசியில் நாம் தொடங்கும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். "ஹலோ, நான் பேசறது கேக்குதா?" "கேக்குது. நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?" "கேக்குது." மூன்று வாக்கியங்கள். இரண்டோடு நிறுத்தினால், இரண்டாமவருக்குத் தம் குரல் போய்ச் சேர்ந்ததா என்பது தெரியாது. கணிப்பொறிகளும் இதே மூன்று பொட்டலங்களோடுதான் உறவைத் தொடங்குகின்றன. மூன்று தடவைக் கைகுலுக்கல் என்று இதற்குப் பெயர். அப்போதே இரண்டு பக்கமும் எந்த எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கப் போகிறோம் என்றும் சொல்லிவிடுகின்றன. பிறகு அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. "5,000 வரை வந்துவிட்டது, 5,001 வேண்டும்" என்பதே 'உம்'மின் வடிவம். 5,001 வராமல் 6,001 வந்தாலும் பதில் "5,001 வேண்டும்" என்பதே. அனுப்பியவருக்கு எது தொலைந்தது என்று புரிந்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் 'உம்' வரும்வரை காத்திருந்தால் செயற்கைக்கோள் வழியில் நேரமெல்லாம் பாழாகும் என்பதால், 'இவ்வளவு வரை நீ கேளாமலே அனுப்பலாம்' என்று பெறுபவர் ஓர் அளவும் சொல்லிவிடுவார். இதற்குச் 'சாளரம்' என்று பெயர்.

1977 நவம்பர் 22-ஆம் தேதி இதைச் சோதித்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருகே சாலையில் ஓடிய ஒரு வேனிலிருந்து பொட்டலங்கள் வானொலி வழியாக ஆர்ப்பாநெட்டுக்கு ஏறி, அட்லாண்டிக்கைத் தாண்டி நார்வே, லண்டன் சென்று, செயற்கைக்கோள் வழியாகத் திரும்பி லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வந்து சேர்ந்தன. நேர் வழியில் 400 மைல். சுற்றிவந்த தூரம் 94,000 மைல் என்று செர்ஃப் கணக்குச் சொல்வார். ஒரு பிட் கூடக் குறையவில்லை.

அவ்வாண்டில்தான் ஜான் போஸ்டல் ஒரு குறையைச் சுட்டிக் காட்டினார். முகவரி பார்த்துப் பொட்டலத்தைத் தள்ளுவது வேறு. 'உம்' கொட்டுவது வேறு. இரண்டையும் ஒரே நெறிமுறையில் குழப்புவது தவறு என்றார். 1978-இல் இரண்டாகப் பிரித்தார்கள். முகவரி வேலை பார்ப்பது ஐ.பி.; 'உம்' கொட்டுவது டி.சி.பி. இவை இரண்டையும் சேர்த்து உச்சரிக்கும் வழக்கம் அதிலிருந்து வந்தது. பிரித்ததில் இன்னொரு லாபம். நேரடிக் குரல் போன்ற சங்கதிகளில் தொலைந்த துண்டை மறுபடி வாங்குவதால் பயனில்லை. அரை நொடி தாமதித்து வந்த அசையை எங்கே செருகுவது? அத்தகையவற்றுக்கு 'உம்' இல்லாத யு.டி.பி. என்ற எளிய நெறிமுறையை 1980-இல் ஐ.பி.யின்மேல் அமைத்தார்கள்.

முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். சுமார் 429 கோடி முகவரிகள். சோதனைக்கு இது தாராளம் என்று எண்ணினார்கள். சோதனை முடியவே இல்லை. வலை உலகமெங்கும் பரவி, 2011 பிப்ரவரியில் மத்தியக் கையிருப்பு தீர்ந்து, 128 பிட் முகவரிக்கு உலகம் மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது. பொட்டலத்தில் முகவரியோடு 'ஆயுள்' என்று ஓர் எண்ணும் உண்டு. கடக்கும் ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்று குறைக்கும். பூஜ்யமானால் பொட்டலம் எறியப்படும். வழி தவறிய பொட்டலம் சாகாவரம் பெற்று வலையெங்கும் சுற்றிக்கொண்டிராமல் இருக்க இந்த ஏற்பாடு.

44, 40, 8

சாகாவரம் என்றதும் ஒரு விபத்து நினைவுக்கு வருகிறது. இதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

1980 அக்டோபர் 27-ஆம் தேதி ஆர்ப்பாநெட் முழுவதும் பல மணி நேரம் முடங்கிப் போயிற்று. கம்பி எதுவும் அறுபடவில்லை. ஒவ்வோர் இம்ப்பும் தன் கம்பிகளின் நிலவரத்தை அவ்வப்போது மற்றெல்லா இம்ப்புகளுக்கும் அறிவிக்கும். அறிவிப்புக்கு வரிசை எண் உண்டு. புதிய எண் வந்தால் ஏற்றுக்கொண்டு அண்டை இம்ப்புகளுக்கும் கடத்த வேண்டும். பழைய எண்ணானால் எறிய வேண்டும். எண்ணுக்கு ஒதுக்கியது 6 பிட். ஆகவே 0 முதல் 63 வரை. 63-க்குப் பிறகு மீண்டும் 0. கடிகாரத்தில் 12-க்குப் பின் 1 வருவது போல. வட்டத்தில் எது முன், எது பின் என்று எப்படிச் சொல்வது? பாதி வட்டத்துக்குள் எது முன்னே இருக்கிறதோ அதுவே புதியது என்று விதி.

அன்று 29-ஆம் எண் இம்ப்பில் ஒரு கோளாறு. அதன் நினைவகத்தில் சில பிட்டுகள் உதிர்ந்துகொண்டிருந்தன. 50-ஆம் எண் இம்ப்பின் அறிவிப்பு 44 என்ற எண்ணோடு இருந்தது. இரும எண்ணில் 101100. ஒரு பிட் உதிர்ந்து 101000 ஆயிற்று, அது 40. இன்னொரு பிட்டும் உதிர்ந்து 001000 ஆயிற்று, அது 8. இப்போது ஒரே இம்ப்பின் பெயரில் மூன்று அறிவிப்புக்கள். பென்சில் எடுத்து ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். 40-ஐவிட 44 நான்கு படி முன்னே. ஆகவே 44 புதியது. 8-லிருந்து 40-க்கு 32 படி, சரியாகப் பாதி வட்டம். விதிப்படி 40 புதியது. 44-லிருந்து 63-ஐத் தாண்டி 8-க்கு 28 படிதான். ஆகவே 44-ஐவிட 8 புதியது! 8-ஐ 40 வெல்கிறது, 40-ஐ 44 வெல்கிறது, 44-ஐ 8 வெல்கிறது. ஒவ்வோர் இம்ப்பும் விதி பிசகாமல் ஏற்றுக்கொண்டு அண்டையாருக்குக் கடத்தியது, அண்டையாரும் அப்படியே. நிலவர அறிவிப்புக்கு முதலிடம் என்பதும் ஒரு விதியாகையால் வேறு வேலைக்கு நேரமே இல்லை.

கம்பியில் போகும்போது சரிபார்ப்பு எண் காவல் இருந்தது. ஆனால் பொறியின் நினைவகத்துக்குள் இருக்கும்போது காவல் இல்லை. கெட்டது அங்கேதான். பி.பி.என். ஆட்கள் காரணத்தைக் கண்டுபிடித்து, 50-ஆம் எண்ணின் அறிவிப்பை ஏற்காதே என்று இம்ப்புகளுக்குத் தனிக் கட்டளை சேர்த்து வலையை மீட்டார்கள். எந்தப் பொறியும் விதியை மீறவில்லை. ஒரு பொறி மறந்தது, மற்றவை நம்பின.

இந்த விபத்தால்தான் நெறிமுறை மாறியது என்று எண்ணிவிடக் கூடாது. மாற்றத்துக்கான வேலை முன்பே தொடங்கிவிட்டது. இம்ப்புகளும் அதற்குப் பிறகும் பல ஆண்டு ஓடின. ஆனால் நடுவில் இருப்பவரை முழுக்க நம்பினால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து கிடையாது.

மாறிய நாள்

1981 செப்டம்பரில் டி.சி.பி., ஐ.பி. இரண்டும் முடிவான வடிவில் வெளியாயின. 1983 ஜனவரி முதல் தேதியோடு பழைய என்.சி.பி. ஒழிய வேண்டும் என்று நாள் குறித்தார்கள். சாலையில் இடப்பக்கம் போன வண்டிகள் அனைத்தும் ஒரே இரவில் வலப்பக்கம் மாற வேண்டும் என்பது போன்ற உத்தரவு. எல்லோரும் கேட்டார்கள், வழக்கம்போல் பலர் ஒன்றும் செய்யவில்லை. 1982-இன் நடுவில் ஒரு நாள் என்.சி.பி. பொட்டலங்களை வலை கடத்தாதபடி அடைத்துக் காட்டினார்கள். கூச்சல் எழுந்தது. பின்னர் இரண்டு நாள் அடைத்தார்கள். அதற்கப்புறம்தான் வேலை சூடு பிடித்தது. குறித்த நாளில் மாற்றம் நடந்தது. சில இடங்கள் ஒழுங்காகச் சில மாதம் பிடித்தது. 'டி.சி.பி. மாற்றத்தில் நான் பிழைத்தேன்' என்று பொறித்த பொத்தான்களைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள்.

இதே காலத்தில் சர்வதேசத் தர நிறுவனம் ஏழு அடுக்குக் கொண்ட வேறொரு திட்டத்தை வகுத்தது. பல அரசாங்கங்கள் அதையே ஆதரித்தன. அந்த ஏழு அடுக்குகளை நம் மாணவர்கள் இன்றும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் உலகம் ஓடுவது டி.சி.பி., ஐ.பி.யின்மேல்தான். இந்தியாவில் 1986-இல் தொடங்கிய 'எர்நெட்' என்ற கல்வி ஆராய்ச்சி வலையில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-இல் வந்தது.

400 கஜம்

பொறுப்பை முனைகளிடம் கொடுத்தாயிற்று. முனைகள் பொறுப்பாக நடந்துகொண்டனவா?

1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே செய்தியின் வேகம் திடீரென்று வீழ்ந்தது. இரண்டுக்கும் தூரம் 400 கஜம். நொடிக்கு 32,000 பிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாயிற்று. நொடிக்கு ஐந்து எழுத்து! இரண்டு பக்கக் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

காரணம் என்ன தெரியுமா? அந்த 'உம்'தான். வழியில் நெரிசல். பொட்டலங்கள் தாமதமாகின்றன, 'உம்' வரத் தாமதமாகிறது. அனுப்பும் கணிப்பொறி, பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்புகிறது. நெரிசல் கூடுகிறது. 'உம்' இன்னும் தாமதமாகிறது. மறுபடியும் அனுப்புகிறது. எல்லாக் கணிப்பொறிகளும் இதையே செய்தால், கம்பி முழுவதும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த செய்திகளின் நகல்களே ஓடிக்கொண்டிருக்கும். வாசலில் கூட்டம் நெரியும்போது பின்னாலிருப்பவர்கள் இன்னும் பலமாகத் தள்ளுவதைப் போல.

அந்த ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வான் ஜேகப்சன், மைக்கேல் கரெல்ஸ் என்பவரோடு சேர்ந்து இதற்குப் பரிகாரம் கண்டார், 1988-இல் வெளியிட்டார். வலையில் ஒரு திருகைக்கூட அவர்கள் மாற்றவில்லை. முனைகளில் உள்ள டி.சி.பி. நிரலில் சில வரிகளே மாறின. 'உம்' வராமை என்பதற்குக் 'கேட்கவில்லை, இன்னும் உரக்கச் சொல்' என்று அதுவரை பொருள் கொண்டார்கள். ஜேகப்சன் அதைத் தலைகீழாக்கினார். கம்பியில் பிழை நேர்வது இக்காலத்தில் மிகக் குறைவு. ஆகவே 'உம்' வரவில்லை என்றால் வழியில் கூட்டம் என்றே பொருள். உடனே குரலைத் தாழ்த்திக்கொள். தொடக்கத்தில் ஒரே ஒரு பொட்டலம் அனுப்பு. 'உம்' வந்தால் இரண்டு. அவற்றுக்கும் வந்தால் நான்கு. பிறகு எட்டு. எங்காவது ஒன்று தொலைந்தால் மீண்டும் கீழே இறங்கி, முன்பு இடறிய இடம் நெருங்கும்போது மெல்ல மெல்ல ஏறு. வழியில் எவ்வளவு கூட்டம் என்று வலை யாரிடமும் சொல்வதில்லை. வரும் 'உம்'களின் தாளத்திலிருந்தே அனுப்புபவர் அதைத் தெரிந்துகொள்கிறார். இப்படி நடக்க வேண்டும் என்று யாரும் காவல் நிற்கவில்லை. எல்லோரும் ஒத்துக்கொண்டு தம் கணிப்பொறியில் அந்த வரிகளைச் சேர்த்தார்கள்.

ஆர்ப்பாநெட் 1990 பிப்ரவரி 28-இல் ஓய்வு பெற்றது. ஜேகப்சன் முறையில் பிறகு பல திருத்தங்கள் வந்தன. 2021-இல் வெளியான 'குவிக்' என்ற புதிய நெறிமுறை, 'உம்' இல்லாத யு.டி.பி.யின்மேல் ஏறிக்கொண்டு, தன் 'உம்'மைத் தானே கொட்டிக்கொள்கிறது. கம்பிகளும் எவ்வளவோ வேகமாகிவிட்டன. ஆகவே முதல் முறையில் ஒரு பொட்டலத்துக்குப் பதிலாகப் பத்து வரை அனுப்பலாம் என்று 2013-இல் ஒரு 'கருத்து வேண்டுகோள்' சொல்லிற்று. அடுத்த முறை உங்கள் கைப்பேசியில் ஒரு பக்கத்தைத் திறந்து, வெள்ளைத் திரையைப் பார்த்து ஒரு கணம் காத்திருக்கிறீர்கள் அல்லவா? எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறி பத்துப் பொட்டலங்களை அனுப்பிவிட்டு, உங்கள் கைப்பேசியின் முதல் 'உம்'முக்காக நிறுத்தியிருக்கக்கூடும்.